நான்கு மாதம் நான் ஓட்டிய தோல் ஷாப்

எங்கள் துறை ஒரு சிறப்பு மலர் கொண்டுவரப் போகிறதாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று திருப்பத்தூர் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் அதிகாரி போன் செய்தார். குரலில் நல்ல பணிவு. "மேடம், உங்க காலத்துல ஃபேக்டரி ஃபேக்டரியா நடந்து போய்தான் எண் வாங்குவீங்களாமே. இப்ப எல்லாம் தானா வந்துடுது. கரண்ட் யூனிட் வருது, லாரி பில்லு வருது, கப்பல் எந்த எடத்துல நிக்குதுன்னு ஃபோன்லயே பாத்துக்கலாம். அந்தப் பழைய அனுபவத்த கொஞ்சம் சுவாரசியமா எழுதிக் குடுங்க," என்றார். சுவாரசியமாக என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். வாணியம்பாடியில் ஒரு கேட்டில் நாய் துரத்தியது, படிவம் முழுவதையும் உருதுவில் நிரப்பி அனுப்பிய பெரியவர், இப்படியெல்லாம். படித்துப் பார்த்தேன். எனக்கே எரிச்சலாக வந்தது. கிழித்துப் போட்டேன். முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்ததில் என்னைத் தூங்க விடாமல் வைத்திருப்பது ஒரே ஒரு விஷயம்தான். அதை விட்டுவிட்டு நாயைப் பற்றி எழுதினால் என்னைப் போல் ஏமாற்றுக்காரி கிடையாது. இதை மலரில் போடுவார்களா மாட்டார்களா என்பது அவர்கள் பாடு.

நான் புள்ளியியல் ஆய்வாளராக இருந்தவள். அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது. ஆகவே வீட்டுக்கு வருகிறவர்களிடம் இப்படிச் சொல்வேன்: நாட்டில் தொழில் வளர்ந்ததா படுத்ததா என்று டெல்லியில் ஒருவர் மைக் முன்னால் சொல்வதற்கு, வாணியம்பாடியில் ஒருத்தி வெயிலில் போய், "இந்த மாசம் எத்தனை தோல் ஊறப் போட்டீங்க?" என்று கேட்க வேண்டும். அந்த ஒருத்தி நான்.

சொந்த ஊர் சந்தவாசல். கணக்கில் பட்டம் வாங்கி, தேர்வு எழுதி, சென்னையில் ஆறு வாரம் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்தேன். பயிற்சியில் படித்த சூத்திரங்களில் ஒன்றுகூட எனக்குப் பிறகு தேவைப்படவில்லை. தேவைப்பட்டதெல்லாம் நல்ல செருப்பும், நாற்றத்துக்குப் பழகிய மூக்கும்தான். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் தோல் ஷாப் என்போம். முதல் நாள் தோல் ஷாப்புக்குள் போய் வந்து, இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தேன். மூன்றாம் மாதம் அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

வேலை கற்றுக்கொண்டது சத்தார் சாரிடம். அப்போது எங்கள் அலுவலக அதிகாரி, வாணியம்பாடிக்காரர். அவர் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் தோல் வியாபாரத்தில் இருந்தார்கள். அதனாலேயே அவர்களுடைய தோல் ஷாப்புகளுக்கு அவர் போக மாட்டார், எங்களைத்தான் அனுப்புவார். எங்கே போனாலும் ஒரு தண்ணீர் பாட்டில் கையில் இருக்கும். தொழிற்சாலையில் கொடுக்கும் டீயைத் தொட மாட்டார். ஏன் சார் என்று ஒருமுறை கேட்டேன். "அவங்க டீய குடிச்சிட்டு அவங்க எண்ண சந்தேகப்பட முடியாதும்மா. நாக்கு அவங்க பக்கம் பேசும்," என்றார்.

மாதா மாதம் ஒவ்வொரு தொழிற்சாலையும் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். எத்தனை நாள் வேலை நடந்தது, எத்தனை பேர், எவ்வளவு மின்சாரம், எத்தனை தோல் ஊறலுக்குப் போனது, எத்தனை முடிந்து வெளியே போனது, அதில் கப்பலுக்கு எவ்வளவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். நாங்கள் கட்டங்களைக் கூட்டிப் பார்ப்போம். சத்தார் சார் கூட்டவே மாட்டார். முதலில் மின்சாரத்தைப் பார்ப்பார். பிறகு தோலைப் பார்ப்பார். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் பென்சிலால் ஓரத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டு, படிவத்தை எங்கள் பக்கம் தள்ளுவார். கோபப்பட மாட்டார், திட்ட மாட்டார். அந்தக் கேள்விக்குறிக்காக மறுபடி பஸ் ஏறி வாணியம்பாடிக்குப் போக வேண்டும் என்பதுதான் தண்டனை.

கப்பலைக் கண்ணால் பார்க்காமலே கப்பல் நிலவரம் சொல்வார். நெடுஞ்சாலையில் ஒரு டீக்கடை உண்டு. அங்கே மட்டும் சொந்தக் காசில் டீ குடிப்பார். குடித்துக்கொண்டே லாரிகளைப் பார்ப்பார். சென்னைத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் பெட்டி ஏற்றிப் போகும் நீள லாரிகள் அந்த வழியாகத்தான் போகும். நானும் புதிதில் பக்கத்தில் நின்று, சரக்கோடு போகிற லாரியை எல்லாம் எண்ணுவேன். அவர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அரே, நீ போறத எண்றியே, வர்றத பாரு," என்றார் ஒரு நாள். "சரக்கு ஏத்திகினு போறது ரெண்டு மாசத்துக்கு முன்னாடி முடிவான விசயம். துறைமுகத்துலருந்து காலிப் பெட்டி மேல வருது பாரு, அதான் இனிமே நடக்கப் போறது. வெளிநாட்டுக்காரன் ஆர்டர் குடுத்தாதான் இவன் காலிப் பெட்டிக்குச் சொல்லி வைப்பான். காலிப் பெட்டி நின்னுச்சினா அடுத்து எல்லாம் நிக்கும்."

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. ஒரு தொழிற்சாலை படிவம் தரவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் சிவப்பு மையால் தன் கையாலேயே "வரவில்லை" என்று எழுதி மேலே அனுப்பிவிடுவார். விதிப்படி ஒரு மாதத்துக்கு முந்தைய மாத எண்ணையே போட்டு, மதிப்பீடு என்று ஓரத்தில் குறித்து அனுப்பலாம். எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்தார்கள். இவர் அதைக்கூடச் செய்ய மாட்டார். மேலிடத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு மட்டும் மாதா மாதம் வசவு வரும். கடிதத்தைப் படித்துவிட்டுக் கோப்பில் வைப்பார். எனக்கு அவமானமாக இருக்கும். உண்மையைச் சொல்வதானால், அவர் ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் அழுதோம், ஆனால் எனக்குள் ஒரு மூலையில் அப்பாடா என்றுதான் இருந்தது.

அடுத்து வந்த அதிகாரி நல்ல மனிதர். சிரித்த முகம். முதல் கூட்டத்திலேயே, "நம்ம ஆபீஸ்ல இனிமே காலிக் கட்டமே இருக்கக் கூடாது. பத்தாம் தேதிக்குள்ள எல்லா எண்ணும் போயிடணும்," என்றார். மூன்றே மாதத்தில் எங்கள் அலுவலகம் மாநிலத்தில் முதலாவதாக வந்தது. இனிப்பு வாங்கிக் கொடுத்தார். என் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். வசவையே பார்த்துப் பழகியவளுக்குக் கைதட்டல் கிடைத்தால் எப்படி இருக்கும்? தலை கால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில் ஆள் பற்றாக்குறை. தோல் ஷாப் படிவங்களும் என்னிடம், ஜவ்வாது மலைமேல் புதூர்நாட்டுப் பக்கத்து அறுவடைக் கணக்கும் என்னிடம். பாதி மாதம் கீழே, பாதி மாதம் மேலே. இரண்டு இடத்தையும் இணைத்தது கடுக்காய். மலைக்காட்டில் கடுக்காய் பொறுக்கிக் காயவைத்துக் கொடுப்பார்கள். அது கீழே தோல் ஷாப்புக்குப் போகும், தோலைப் பதப்படுத்த. குரோம் உப்பு வந்த பிறகு கடுக்காய் வாங்குகிற தோல் ஷாப்புகள் குறைந்துவிட்டன. ஆனாலும் பெரிய தோல் ஷாப் ஒன்று பழைய முறையிலேயே செய்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த மலைப்பக்கத்துக் கடுக்காயில் பெரும்பகுதி அங்கேதான் போனது. அதன் பெயரையும், நான் சொல்லப்போகும் மலையூரின் பெயரையும் எழுதவில்லை. தனித்தனியாக எந்த இடத்தையும் அடையாளம் காட்டக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. அந்த விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதும் இந்தக் கதையில் வரும்.

வெளிநாட்டில் வங்கிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்த வருஷம் அது. நமக்கென்ன என்று இருந்தோம். ஒரு மாதம் அந்தப் பெரிய தோல் ஷாப்பிலிருந்து படிவம் வரவில்லை. போன் செய்தேன். "கணக்கு எழுதற ரைட்டர் ஊருக்குப் போயிட்டாரு மேடம், அடுத்த மாசம் சேத்துக் குடுத்துடறோம்," என்றார் எடுத்தவர். போன மாத எண்ணைப் போட்டேன், மதிப்பீடு என்று ஓரத்தில் குறித்தேன். அடுத்த மாதமும் வரவில்லை. அதிகாரியிடம் போனேன். "அதே எண்ண அப்படியே போட்டா மேல கேள்வி கேப்பாங்கம்மா. போன வருசம் இந்த மாசம் எவ்வளவு ஏறிச்சோ அவ்வளவு ஏத்திப் போடு. மதிப்பீடுனு எழுதாத. அப்புறம் நம்ம நூத்துக்கு நூறு போயிடும்," என்றார். ஏற்றிப் போட்டேன். மூன்றாம் மாதம் அவரைக் கேட்கவே இல்லை. நானே போட்டேன். நான்காம் மாதமும்.

நேரில் போய்ப் பார்த்திருக்கலாம். திருப்பத்தூரிலிருந்து வாணியம்பாடி என்ன வெளிநாடா? மலையில் சாமை அறுவடை தொடங்கியிருந்தது, அங்கே ஓட வேண்டியிருந்தது என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அது பாதிக் காரணம். எண் இருக்கும்போது எதற்குப் போக வேண்டும் என்பது மீதிப் பாதி.

அறுவடைக் கணக்கு என்றால் இப்படி. எந்த நிலம், அதில் எந்த மூலை என்பதைக் குலுக்கல் எண் சொல்லும். அங்கே ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, நான்கு முளை அடித்து, அதற்குள் இருக்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட வேண்டும். ஒரு கதிர் கயிற்றின் மேல் சாய்ந்திருந்தால் அதன் வேர் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். அவ்வளவு சுத்தம்! அந்த வருஷம் குலுக்கல் எண் அண்ணாமலையின் சாமை நிலத்தைக் காட்டியது.

அண்ணாமலைக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். நாற்பது வீடு கொண்ட ஊர். ஊருக்காகப் பேசுகிறவர் அவர்தான். பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வரவில்லை என்றால் அவர்தான் கீழே இறங்கி மனு கொடுப்பார். கரும்பு வெட்டுக்கு ஆள் கேட்டு வரும் மேஸ்திரியிடம் அவர்தான் பேசி முடிப்பார். என்னை எப்போது பார்த்தாலும், "கீழ இன்னா நெலவரம் மேடம்?" என்று கேட்பார். அன்றும் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். ஆனால் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"கோணி இன்னும் வர்ல மேடம். எப்பவும் ஐப்பசி கடைசிலயே வியாபாரி கொணாந்து எறக்கிடுவாரு. ஞாயித்துக் கெழம படவேட்டு மேஸ்திரி வர்றான், கரும்பு வெட்டுக்குப் புருசன் பொண்டாட்டியா எத்தினி ஜோடினு கேக்கறான். போனா மூணு மாசம் அங்கியே. இங்க கடுக்கா கொட்டிப் போவும். போகாம இருந்து, கடுக்காவும் யாரும் வாங்கலனா இன்னா பண்றது? ஊரே என் வாய பாக்குது."

கோணி என்றால் இங்கே ஒரு வழக்கம். பருவம் தொடங்கும் முன் வியாபாரி வீட்டுக்கு வீடு காலிக் கோணிகளை இறக்கிவிட்டுப் போவார். எத்தனை கோணி இறக்குகிறாரோ அத்தனையும் எடுத்துக்கொள்வார் என்று அர்த்தம். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. காலிக் கோணிதான் ஒப்பந்தம்.

சத்தார் சார் டீக்கடையில் நின்று எனக்குச் சொன்னது இதைத்தானே? காலிப் பெட்டி மேலே வருகிறதா பார் என்றாரே. நெடுஞ்சாலையில் காட்டினால் புரிந்தது, சாமைக் காட்டில் புரியவில்லை. அந்த மனிதர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலிக் கோணி வரவில்லை என்கிறார். சரக்கு நின்றுவிட்டது என்று அதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? நான் என்ன செய்தேன் தெரியுமா? பையிலிருந்து பதிவேட்டை எடுத்தேன். விரலால் வரிசையைத் தேடினேன். என் கையெழுத்தில், நான் போட்ட எண் இருந்தது. அதைப் படித்தேன்.

"தோல் ஷாப் நல்லாத்தான் ஓடுதுண்ணே. போன வருசத்தவிட கொஞ்சம் கூடவே இருக்குது. கோணி வரும், பயப்படாதீங்க," என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த நிமிஷம் அது நானே எழுதிய எண் என்பது எனக்கு நினைவே இல்லை. சத்தியமாக இல்லை. பதிவேட்டில் இருந்தது, அதனால் உண்மை. மூன்று மாதம் தொடர்ந்து ஒரு எண்ணை எழுதினால் அது எங்கிருந்து வந்தது என்பது மறந்துபோகிறது. இதை எங்கள் தொழிலில் இருப்பவர்களைத் தவிர வேறு யாராலும் நம்ப முடியாது.

அண்ணாமலையின் முகம் தெளிந்தது. "சர்க்கார் கணக்கே சொல்லுதுனா அப்புறம் இன்னா மேடம்," என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்த மேஸ்திரியைத் திருப்பி அனுப்பிவிட்டார். மேஸ்திரி பக்கத்து ஊர் ஆட்களைக் கூட்டிப் போனான்.

மார்கழியில்தான் வாணியம்பாடிக்குப் போனேன். அதுவும் வேறு ஒரு படிவத்துக்காக. வழியில் அந்தப் பெரிய தோல் ஷாப்பின் சுவர் வந்தது. நாற்றம் இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். உள்ளே எப்போதும் உருண்டுகொண்டிருக்கும் பெரிய மர டிரம்கள் நின்றிருந்தன. சுண்ணாம்புத் தொட்டிகள் காய்ந்து வெடித்திருந்தன. காவல்காரர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"இத மூடி நாலு மாசத்துக்கு மேல ஆவுதும்மா. கப்பல்ல போன சரக்கையே வெளிநாட்டுக்காரன் வேணாம்னுட்டானாம். உங்களுக்குத் தெரியாதா? நீங்க சர்க்கார் ஆளுதானே?" என்றார்.

அங்கிருந்து நேராகப் புதூர்நாட்டு பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும். கரும்பு வெட்டு அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. பாதிப் பேராவது போயிருக்கலாம். நான் அலுவலகத்துக்குப் போனேன். பார்த்ததைச் சொன்னதும் அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். பிறகு, "பழைய மாசத்த தொடாத. இந்த மாசமே ஒரேயடியா சைபர் போட்டா மாட்டிக்குவோம். மூணு மாசத்துல படிப்படியா எறக்கு," என்றார். அப்படியே செய்தேன். முன்பே செத்துப்போன தோல் ஷாப் என் பதிவேட்டில் மெல்ல மெல்ல, வலிக்காமல் செத்தது. அந்த மாதங்களில் எங்கள் வட்டாரத்தில் தோல் உற்பத்தி சீராக இருந்தது என்று எங்கோ ஓர் அறிக்கையில் ஒரு வரி வந்திருக்கும். அதைப் படித்துவிட்டு யார் யார் என்னென்ன முடிவு எடுத்தார்களோ, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு ஊர்தான்.

அந்த ஊரில் வீட்டுக்கு வீடு கடுக்காய் குவிந்து கிடந்தது. கோணி வரவே இல்லை. சாக்குப் பையிலும் புடவையிலும் கட்டிப் புதூர்நாட்டுக்குத் தூக்கிப் போய்க் காட்டியிருக்கிறார்கள். வாங்க ஆள் இல்லை. பனியில் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிட்டது. மாசி மாதம், ஒருவன் வந்து ஆந்திரப் பக்கம் காட்டில் வேலை இருக்கிறது என்று கூப்பிட, மூன்று இளைஞர்கள் போனார்கள். அது மரம் கடத்தும் வேலை. பிடிபட்டார்கள். மூன்று பேரும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் அங்கே சிறையில் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் அண்ணாமலையின் மனைவி சின்னப்பொண்ணுவின் தம்பி, ஆறுமுகம்.

ஊர் அண்ணாமலையைப் பிடித்துக்கொண்டது. மேடம் சொன்னாங்க என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. சர்க்கார் அம்மா எதற்கு இவனிடம் வந்து தோல் ஷாப் கதை பேசப் போகிறாள் என்றார்கள். வியாபாரியிடம் எதையோ வாங்கிக்கொண்டு, கூலி ஆள் கீழே போகாமல் கட்டிப்போட்டுவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. இதெல்லாம் எனக்கு மலைப் பஸ்ஸில் அரைகுறையாகக் காதில் விழுந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் அவரே வந்தார். திருப்பத்தூர் அலுவலகத்துக்கு, பகல் பதினொரு மணிக்கு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு என் மேஜை முன்னால் நின்றார். அதிகாரியின் அறைக் கதவு திறந்திருந்தது.

"மேடம், உங்களுக்கு ஒரு தொல்லையும் வராது. ஒரே ஒரு வாட்டி ஊருக்கு வந்து, நாந்தான் சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. தப்பா போச்சினு நான் உங்கள கொற சொல்ல மாட்டேன். கணக்கு தப்பும், மழ தப்பல? நான் பொய் சொல்லலனு ஊருக்குத் தெரிஞ்சா போதும்."

ஒரு தொழிற்சாலையின் எண்ணை வெளியாளிடம் சொன்னது குற்றம். அந்த எண்ணே என் கற்பனை என்பது அதைவிடப் பெரிய குற்றம். வேலை போகும். இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து அதிகாரி தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அப்படி நான் எதுவும் சொன்னதா ஞாபகம் இல்லைங்களே," என்றேன்.

அண்ணே என்று கூப்பிட்ட வாய் அன்று அவரை எப்படியும் கூப்பிடவில்லை. அவர், "பரவால்ல மேடம். உங்களுக்கு எத்தினியோ ஊரு," என்று சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனார். மறுமாதமே இன்னோர் ஆய்வாளரிடம் கெஞ்சி, மலைப்பக்கத்தை அவருக்கு மாற்றிக்கொடுத்துவிட்டேன். பதவி உயர்வும் வந்தது. ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகிறது.

கிழித்துப்போட்ட அந்த ஒரு பக்கத்துக்குப் பிறகு, எதை எழுதுவதானாலும் முதலில் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. போன வியாழக்கிழமை புதூர்நாட்டு பஸ் ஏறினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. இப்போது ஊர் வரைக்கும் தார் ரோடு போட்டிருக்கிறார்கள். வீட்டைக் கண்டுபிடித்தேன். சின்னப்பொண்ணு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அண்ணன் இல்லீங்களா?" என்றேன்.

"போயி ரெண்டு வருசம் ஆவுது," என்றார்.

உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். படிவம் வராதது, நானே எண் எழுதியது, அதையே அவரிடம் படித்துக் காட்டியது, அலுவலகத்தில் ஞாபகம் இல்லை என்றது. அழுகையும் வந்தது. சின்னப்பொண்ணு மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அவரு வந்து எங்கிட்ட சொன்னாரு, அந்தம்மா இல்லனுடிச்சினு. நான் அன்னிக்கே நம்பினேன், அவரு சொன்னதத்தான். என் தம்பியே நம்பல. ஜெயில்லருந்து வந்ததுலருந்து எங்க வூட்டு வாசப்படி மிதிக்கல. அதுக்கப்புறம் ஊர்ல ஒரு நல்லது கெட்டதுக்கு அவர யாரும் ஒரு வார்த்த கேட்டது இல்ல. மேஸ்திரி வந்தாலும் வூட்டுக்குள்ளயே கெடப்பாரு. கடைசி வரைக்கும் அப்படியேதான் போனாரு."

"என்னை மன்னிச்சிடுங்க," என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சதயே எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்றீங்க? சாயங்காலம் பால் ஊத்த எல்லாரும் வருவாங்க. அங்க வந்து சொல்லுங்க."

நான்கு மணி வரை பள்ளிக்கூடத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். கிளம்பிப் போய்விடலாமா என்று இரண்டு முறை தோன்றியது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பால் சொசைட்டி முன்னால் முப்பது பேர் இருப்பார்கள். கேன்களோடு வரிசையில் நின்றார்கள். என் வயதுக்காரர்கள் சிலருக்கு என்னைத் தெரிந்தது. சின்னப்பொண்ணு வரிசையில் நின்றபடி, "இந்தம்மா ஏதோ சொல்லணுமாம்," என்றார். அவ்வளவுதான் அறிமுகம். அந்த வருஷம் அண்ணாமலையிடம் தோல் ஷாப் ஓடுகிறது என்று சொன்னது நான்தான், அவர் யாரிடமும் எதையும் வாங்கவில்லை, அவர் வந்து கேட்டபோது நான் இல்லை என்று சாதித்தேன் என்றேன். பால் அளக்கிறவர் அளப்பதை நிறுத்திவிட்டார்.

முன்னால் நின்ற ஒருவர் கேனைக் கீழே வைத்தார். தலை பாதி நரைத்திருந்தது. ஆறுமுகம்தான்.

"நெசமா அது ஓடலியா? நீங்களா எழுதிகினதா?"

"நானா எழுதினது," என்றேன்.

யாராவது திட்டுவார்கள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்னப்பொண்ணு வரிசையை விட்டு வெளியே வந்தார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. தம்பியையும் ஊரையும் பார்த்துச் சொன்னார்.

"கேட்டுக்கினீங்களா? எம் புருசன் பொய் சொல்லல."